துலா, மெசின், கொம்பனி

கோப்பாயில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படித்து முடித்தவர். கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: "பூமி சூடாவதற்கு முதலாளித்துவம்தான் காரணம் என்கிறார்கள். இப்போது அதே கொம்பனிகள் 'பசுமை, பசுமை' என்று விளம்பரம் போடுகின்றன. வைக்கோல் போருக்கு நெருப்பு வைத்தவனே வாளியோடு ஓடிவந்தால் நம்பலாமா? எனக்கு ஒரு சோலர் கொம்பனியில் வேலை வந்திருக்கிறது. போகலாமா?"

வேலை விடயத்தைக் கடைசியில் சொல்கிறேன். நான் முப்பது வருடம் மின்சாரக் கணக்குப் பார்த்தவன், அதனால் என் பதிலும் கணக்குப்பிள்ளையின் பதிலாகத்தான் இருக்கும். கணக்கை ஒழுங்காக எழுதினால் கொம்பனிகள் இந்தப் பிரச்சினையைத் தீர்க்கும். பிழையாக எழுதினால் அதே கெட்டித்தனத்தோடு இன்னும் கெடுக்கும். அந்தக் கணக்கை எழுதுகிற வேலை மட்டும் கொம்பனியின் கையில் இருக்கக்கூடாது. எல்லாச் சண்டையும் அதில்தான்.

எங்கள் தோட்டக் காணியின் பழைய உறுதிப் பத்திரத்தில் எல்லைகளைச் சொன்ன பிறகு ஒரு வரி வரும்: கிணற்றில் எட்டில் மூன்று பங்கும் வழிவாய்க்காலும். யாழ்ப்பாணத்து உறுதி வாசித்தவர்களுக்கு இது புதினம் இல்லை. ஒரு கிணறு, நாலைந்து குடும்பம், ஆளுக்கு ஒரு இறைப்பு முறை. அந்தக் காலத்தில் துலாவில் ஒருவர் ஏறி முன்னும் பின்னும் நடக்க, கீழே நிற்பவர் பட்டையைப் பிடித்து ஊற்ற, இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். விடியப்புறம் தொடங்கினால் வெயில் ஏற முதல் உடம்பு போதும் என்று சொல்லிவிடும். கிணற்றுக்குக் காவல் அந்த உடம்பு நோதான்.

பிறகு மண்ணெண்ணெயில் ஓடுகிற இறைப்பு மெசின் வந்தது. 1970க்கும் 77க்கும் இடையில் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தடைப்பட, எங்கள் மிளகாய்க்குப் பொன் விலை. கல்வீடுகள் எழும்பின, பிள்ளைகள் படித்தார்கள். அதை யாரும் பழிக்க வரவேண்டாம், நானும் அந்த மிளகாயில் படித்தவன்தான். ஆனால் யாழ் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. அவ்வளவுதான் சொத்து. இறைக்கிற வேகம் கூடினால் நல்ல தண்ணீர் மெலிந்து அடியில் இருக்கிற உவர் மேலே வரும். மெசின் இதைப் பார்க்காது. டாங்கியில் எண்ணெய் இருக்கும் வரை ஓடும். உறுதியில் பங்கு எழுதியிருந்தது, நேரம் எழுதியிருந்தது, எத்தனை கலன் என்று எழுதியிருக்கவில்லை. துலாக் காலத்தில் அதை எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லையே. உரமும் அப்படித்தான். அள்ளிப் போட்ட உரம் கல்லுக்குள்ளால் இறங்கி, இன்று பல கிணறுகளில் நைத்திரேற்று குடிநீர் அளவைத் தாண்டி நிற்கிறது.

வளிமண்டலமும் இப்படி ஒரு பங்குக் கிணறுதான், பங்கு யாருக்கு எவ்வளவு என்று உறுதி எழுதாத கிணறு. நிலக்கரியை எரிப்பவர் நிலக்கரிக்குக் காசு கொடுக்கிறார், கப்பலுக்குக் கொடுக்கிறார், தொழிலாளிக்குக் கொடுக்கிறார். புகையை விடுகிற இடத்துக்கு மட்டும் பெரும்பாலும் ஒரு சதமும் கொடுப்பதில்லை. பொருளியலாளர்கள் இதைச் சந்தையின் தோல்வி என்பார்கள். பிரித்தானிய அரசுக்காக நிக்கலஸ் ஸ்டேர்ன் 2006 இல் கொடுத்த அறிக்கை, உலகம் கண்ட சந்தைத் தோல்விகளில் இதுதான் ஆகப் பெரியது என்றது. முதலாளித்துவத்தின் எதிரி ஒருவர் சொன்ன சொல் இல்லை அது. ஸ்டேர்ன் உலக வங்கியில் தலைமைப் பொருளியலாளராக இருந்தவர்.

சரி, சும்மா கிடைக்கிற இடத்துக்கு விலை போட்டால் என்ன நடக்கும்? பிரித்தானியாவைப் பாருங்கள். நிலக்கரி மின்சாரத்தைத் தொடக்கி வைத்ததே அவர்கள்தான், 1882 இல் லண்டனில். 2012 இல்கூட அந்த நாட்டு மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நிலக்கரி. 2013 இல், ஐரோப்பிய ஒன்றியத்தின் காபன் விலைக்கு (விடுகிற காபனீரொட்சைட்டுக்குத் தொன் கணக்கில் கட்டும் காசு) மேலே, மின்நிலையங்களுக்குத் தங்கள் பாட்டுக்கு இன்னொரு விலையைச் சேர்த்தார்கள். 2015 இல் அது தொன்னுக்கு 18 பவுண் ஆனது. முதலாளிமார் மனம் திருந்தவில்லை, நிலையத்துக்கு முன்னால் யாரும் உண்ணாவிரதம் இருக்கவும் இல்லை. நிலக்கரியில் இலாபம் போனது, ஆளுக்கு ஆள் மூடினார்கள். முதலில் அந்த இடத்தை எரிவாயுவும், போகப்போகக் காற்றாலையும் பிடித்தன. 2024 செப்டெம்பர் 30 ஆம் திகதி கடைசி நிலையமும் நின்றது. பத்து வருடத்தில் ஒரு கைத்தொழிலையே மூடுகிற கெதி சந்தைக்கு உண்டு, விலை சரியாக இருந்தால்.

சோலரின் கதை இதற்கு மறுபக்கம். சிலிக்கன் சூரியக்கலத்தை 1954 இல் செய்தது அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம், அதுவும் ஒரு தொலைபேசிக் கொம்பனியின் கூடம்தான். ஆனால் அந்த விலைக்கு வாங்க ஆளில்லை. முதலில் வாங்கியது விண்வெளித் திட்டம், அதாவது அரசாங்கம். 2000 இல் ஜேர்மனி ஒரு சட்டம் போட்டது: கூரையில் மின்சாரம் செய்கிறவனுக்கு இருபது வருடத்துக்கு நிச்சயமான விலை. அந்த விலையை நம்பிச் சீனாவில் தொழிற்சாலைகள் எழும்பின, மாகாண அரசுகள் காணியும் கடனும் கொடுத்தன. பொருத்திய மொத்த அளவு இரட்டிக்க இரட்டிக்க விலை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விழுந்துகொண்டே வந்தது. 2010க்கும் 2020க்கும் இடையில் பனல் விலை 90 சதவீதம் அளவில் இறங்கிவிட்டது. இதில் சந்தை எவ்வளவு, அரசு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. தோசை மாவில் அரிசி எது உழுந்து எது என்று கேட்கிற மாதிரி.

இந்த இடத்தில் உங்கள் முகாமைத்துவப் புத்தகம் சொல்லாத ஒன்று இருக்கிறது. மலிவானால் வெல்லும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். கொம்பனி பார்ப்பது மலிவை இல்லை, மிச்சத்தை. யாரும் செய்யக்கூடிய பொருளாகப் பனல் மாறியதும் இலாபம் சுருங்கியது. இன்று அதைச் செய்கிற சீனக் கொம்பனிகள் பல நட்டத்தில் கிடக்கின்றன. எண்ணெய்க் கிணறு அப்படி இல்லை, கையில் வைத்திருப்பவனுக்கு அது தனிச் சொத்து. அதனால்தான் பிரித்தானிய எண்ணெய்க் கொம்பனியான பிபி 2020 இல், பத்து வருடத்தில் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 சதவீதம் குறைப்போம் என்றது, 2023 இல் அதை 25 ஆக்கியது, 2025 பெப்ரவரியில் அந்த இலக்கையே கைவிட்டது. உலகத்துக்கு மலிவானது ஒன்று, பங்குதாரருக்கு இனிப்பானது இன்னொன்று. இரண்டும் ஒரே திசையில் போகும் என்று நம்பியிருப்பது பிழை.

உங்களுக்கு இருக்கிற சந்தேகம் நியாயமானது என்று காட்ட இன்னும் இரண்டு சொல்கிறேன். அமெரிக்க எண்ணெய்க் கொம்பனி எக்ஸானின் சொந்த விஞ்ஞானிகள் 1970களின் கடைசியிலிருந்தே வெப்பம் எப்படிக் கூடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள், பிறகு நடந்தது அந்தக் கணக்கோடு நன்றாக ஒத்துப்போகிறது. வெளியில் அந்தக் கொம்பனி பல வருடம் பரப்பியது சந்தேகத்தை. ஒவ்வொருவரும் தன் 'காபன் தடத்தை', அதாவது தன்னால் எவ்வளவு காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது என்பதை, அளக்க வேண்டும் என்கிற பேச்சை ஊர் உலகம் எல்லாம் கொண்டுபோனதும் 2000களில் பிபி செய்த விளம்பரம்தான். இலங்கையில் ஆளுக்கு வருடத்துக்கு ஒரு தொன் அளவு காபனீரொட்சைட்டு, அமெரிக்காவில் பதினாலு தொன்னுக்கும் மேல். பழியை மட்டும் சமமாகப் பங்கு போட்டார்கள். வங்கிகளும் 2021 இல் பூச்சிய உமிழ்வுக் கூட்டணி ஒன்று அமைத்தன. அமெரிக்க அரசியல் காற்றுத் திரும்பியதும் 2024 கடைசியில் பெரிய அமெரிக்க வங்கிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன, 2025 ஒக்டோபரில் கடையே பூட்டியாயிற்று. தானாகக் கொடுக்கிற வாக்குறுதி நல்ல மழைக்குத் தாங்காத வரம்பு.

அதற்காக, முதலாளியை எடுத்துவிட்டால் புகை நின்றுவிடும் என்று சொல்பவர்களிடமும் எனக்கு ஒரு கேள்வி. காங்கேசன்துறையில் 1950 இல் தொடங்கி 1990 வரை சீமெந்து செய்த ஆலை யாருடையது? அரசாங்கத்தினுடையது. சுண்ணாம்புக் கல்லைச் சூடாக்கினால் கல்லுக்குள் இருக்கிற காபனீரொட்சைட்டு வெளியே வரும். முதலாளியின் சூளையா அரசின் சூளையா என்று கல் பார்க்காது. உலக உமிழ்வில் 7, 8 சதவீதம் சீமெந்திலிருந்து வருகிறது. ஆலை நின்று இத்தனை வருடமாகியும் அங்கே கல் தோண்டிய பள்ளங்கள் அப்படியே கிடக்கின்றன. நுரைச்சோலையின் 900 மெகாவாற் நிலக்கரி நிலையமும் அரச சொத்துத்தான். பருத்திக்காக ஏரல் கடலை வற்றவைத்த சோவியத் நாட்டில் பங்குச்சந்தை இருக்கவில்லை.

எங்கள் வீட்டு வாசலுக்கே வருவோம். சுன்னாகத்தில் ஒரு தனியார் அனல்மின் நிலையம் ஓடியது. கழிவெண்ணெய் நிலத்தில் இறங்கி, சுற்று வட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. காலையில் வாளியை இறக்கினால் மேலே வானவில் நிறத்தில் ஒரு படலம், மூக்குக்கு மண்ணெண்ணெய் மணம். சனம் போத்தல் தண்ணீரும் பவுசர் தண்ணீருமாக அலைந்தது. உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் அந்தக் கொம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்த்தது. மாசுபடுத்தியவனே காசு கட்ட வேண்டும் என்கிற கொள்கைக்கு இங்கே ஒரு வழக்கு இருக்கிறது என்பது பெரிய விடயம், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கணக்குப்பிள்ளையாகப் பாருங்கள்: கெடுத்து முடிந்து வருடக்கணக்கில் கழிந்த பிறகு வரும் 2 கோடி, அந்தக் கொம்பனியின் முதல் வருடப் பேரேட்டில் செலவாக இருக்கவில்லை. முன்கூட்டியே இருந்திருந்தால் அந்தக் கழிவெண்ணெய்க்கு ஒரு தொட்டி கட்டியிருப்பார்கள். தொட்டி மலிவு.

இப்போது காற்று. மன்னாரில் 2020 டிசெம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலை, 30 காற்றாடி, 103.5 மெகாவாற், அரச சொத்து. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் கட்டியது. அதன் பிறகு வந்தது இந்தியாவின் அதானி கொம்பனி, மன்னாருக்கும் பூநகரிக்கும் சேர்த்து 484 மெகாவாற். போட்டிக் கேள்விப்பத்திரம் (டெண்டர்) இல்லாமல், ஒரு அலகு மின்சாரத்துக்கு 8.26 அமெரிக்க சதம், இருபது வருடத்துக்கு. வலசை வரும் பறவைகளின் பாதை, மழை வெள்ளம் ஓடுகிற வழி, கடற்றொழில் என்று மன்னார்ச் சனம் கேட்ட கேள்விகளுக்கு ஒழுங்கான பதில் வரவில்லை, வழக்குகள் போயின. அரசாங்கம் மாறி விலையைக் குறைக்கச் சொன்னதும் 2025 பெப்ரவரியில் கொம்பனி விலகிக்கொண்டது. மன்னாரிலேயே போட்டிக் கேள்விப்பத்திரத்துக்கு விட்ட இன்னொரு காற்றாலைக்கு அதைவிட மிகக் குறைந்த விலை வந்தது. போட்டி இல்லாத இடத்தில் நடப்பதை முதலாளித்துவம் என்று சொல்லவே எனக்குக் கூச்சம். அது அனுமதிப்பத்திர வியாபாரம். ஆனால் காற்றாலை நல்லது என்பதற்காக எந்தக் காற்றாலையும் நல்லது ஆகாது என்று மன்னார்ச் சனம் சொன்னபோது, அவர்களைக் காலநிலையின் எதிரிகள் மாதிரிக் கொழும்பில் சிலர் கதைத்தது இன்னும் எனக்கு ஆறவில்லை.

தீவுகளின் கதை வேறு மாதிரி. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரியசக்தி, காற்று, பற்றரி சேர்ந்த மின்திட்டம். கேள்விப்பத்திரத்தில் வென்றது ஒரு சீனக் கொம்பனி. எங்கள் தீவுகளிலிருந்து கூப்பிடு தூரத்தில் சீனாவா என்று இந்தியா முகம் சுளிக்க, 2021 கடைசியில் சீனக் கொம்பனி நிறுத்தியது. 2022 இல் இந்தியா மானியமாகத் தர ஒப்புக்கொண்டது, 2024 மார்ச்சில் இந்தியக் கொம்பனி ஒன்றுக்கு ஒப்பந்தம் போனது. 1,700 கிலோவாற் சூரியசக்தி, 530 கிலோவாற் காற்று. இந்து சமுத்திர அரசியலில் இது ஒரு கொசு அளவு. அந்தக் கொசுவுக்காகவும் நெடுந்தீவுச் சனம் வருடக்கணக்கில் டீசல் ஜெனரேற்றரோடு காத்திருந்தது.

தம்பி, நீங்கள் போகப்போகும் தொழிலுக்கு வருகிறேன். ஏழை நாட்டில் சுத்தமான மின்சாரத்துக்கு ஆகப் பெரிய எதிரி டீசல் இல்லை, வட்டி. டீசல் ஜெனரேற்றரை மலிவாக வாங்கிவிட்டுப் பிறகு சிறுகச் சிறுக எண்ணெய் ஊற்றலாம். சோலரில் முழுச் செலவும் முதல் நாளிலேயே. ஒரு வீடு 5 கிலோவாற் போடுகிறது, 10 இலட்சம் ரூபா கடன் என்று வைப்போம். மாதம் 600 அலகு, வருடம் 7,200. 2016 இல் அரசு தொடக்கிய கூரைச் சோலர் திட்டத்தில், மின்சாரத்தை வாங்கும் விலை முதல் ஏழு வருடத்துக்கு அலகு 22 ரூபாவாக இருந்தது. வருடம் 158,400 ரூபா வரும். வட்டி 8 வீதமானால் வருடம் 80,000 போக மிச்சம் கடனின் முதல் தொகையில் கழியும். வட்டி 22 வீதமானால் வட்டியே 220,000. அதே வெயில், அதே பனல், அதே கூரை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் தன் வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏற்றியபோது, எத்தனை கூரைகள் வெறுமையாக நின்றன என்று எந்தக் காலநிலை மாநாடும் எண்ணவில்லை. எங்கள் மூளாயில் 1930களிலேயே ஊர்ச்சனம் கூட்டுறவாகக் காசு போட்டு ஒரு ஆஸ்பத்திரியைத் தொடங்கியது. கூரைக் கடனுக்கும் அப்படி ஒரு வழி ஏன் வராது என்று நான் சங்கக் கூட்டங்களில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். தேநீர் வரும், பதில் வராது.

காலநிலைக்கு இசைந்து வாழ்வதற்கும் விலை இருக்கிறது, அது முன்பு சும்மா கிடைத்ததன் விலை. 2024 இல் யாழ்ப்பாணத்துத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள், நாளுக்கு 24,000 கனமீற்றர். கடல்நீரில் உப்பெடுக்க ஒரு கனமீற்றருக்கு 3, 4 அலகு மின்சாரம் போகும். மூன்றரை என்று பெருக்கினால் நாளுக்கு 84,000 அலகு. துலா மிதித்து எடுத்த தண்ணீரைக் கெடுத்துவிட்டு, இப்போது நிலக்கரியும் எண்ணெயும் கலந்த மின்சாரத்தில் கடலைக் காய்ச்சாமல் காய்ச்சுகிறோம். பிழை என்று சொல்லமாட்டேன், சனத்துக்குத் தண்ணீர் வேண்டும். கெட்டுப்போன கிணற்றின் விலை என்ன என்று கேட்டால், இனி ஒரு எண்ணாவது சொல்லலாம்.

வேலை விடயம். போங்கள். ஆனால் இணுவிலில் நான் பார்த்த ஒன்றைக் கேட்டுவிட்டுப் போங்கள். பழக்கமான வீடு, கூரையில் பதினாலு பனல், சித்திரை வெயில் உச்சி. கீழே சுவரில், பனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற இன்வேர்ட்டரின் திரையில் சிவப்பு எழுத்து, 255 வோல்ற், நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் கழித்துத் தானாக ஓடும், திரும்ப நிற்கும். அந்த ஒழுங்கையில் ஒரே ட்ரான்ஸ்போமரில் வரிசையாக வீடுகளுக்கு விற்றிருக்கிறார்கள். மத்தியானம் எல்லாரும் ஒரேயடியாக மின்சாரத்தை லைனுக்குள் தள்ள, வோல்ற் ஏறி இன்வேர்ட்டர் நின்றுவிடுகிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி நாடு முழுக்கக் கேட்டதும் இதன் பெரிய வடிவம்தான், மின்சாரத் தேவை குறைந்த நாளில் வெயில் மட்டும் கூடுதல். அந்த வீட்டு ஐயாவுக்கு இன்னொரு கோபமும் இருந்தது. 2022 இல் நாளுக்குப் பத்துப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது, தலைக்கு மேல் பனல் இருந்தும் வீடு இருட்டு. பற்றரி இல்லாத இன்வேர்ட்டர் வெளிக் கரண்ட் போனால் தானும் நிற்கும், லைனில் வேலை செய்கிறவனின் உயிருக்காக. விற்றவர் அதைச் சொல்லவில்லை. "யுத்தத்தில் பொருளாதாரத் தடை போட்ட காலத்தில் ஜாம்போத்தல் விளக்குக் கொளுத்தினோம். பத்து இலட்சம் கொடுத்துவிட்டும் அதே ஜாம்போத்தல்தானா தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

விற்றவரின் தொலைபேசி இலக்கம் இப்போது வேலை செய்வதில்லை. நீங்கள் சேருகிற கொம்பனியில் முதல் மாதமே, வீட்டுக்காரர் கையெழுத்துப் போட முதல், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒரு வோல்ற்மீற்றரோடு அந்த ஒழுங்கைக்குப் போய் அளந்துவிட்டு வர விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். விடுவார்கள் என்றால் அங்கேயே இருங்கள்.